டிவியில் வானிலை சொல்ல வருகிறீர்களா? கொங்குப் பக்கத்துப் புதியவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். காங்கேயத்திலிருந்து ஒரு தேங்காய்க் களத்துக்காரர் சேனலுக்குப் போன் செய்தார். "அம்முணி, ஓரிரு இடத்துல மழைன்னு சொன்னீங்களே, அந்த ஓரிரு இடத்துல எங்க களம் வருதுங்களா, வரலீங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "வானிலை மையம் அப்படித்தாங்க சொல்லியிருக்கு" என்றேன்.

"அதைத்தான் பேப்பர்லயே படிச்சனுங்களே. அப்புறம் நீங்க எதுக்குங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கோவையில் ஒரு சின்ன சேனலில் பதினோரு வருடம் வானிலை சொன்னேன்; அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே பாதி வருடங்கள் போயின. இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். வானிலை என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருபவர் ரமணன் சார். அவர் சேனல் ஆள் கிடையாது. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தில் புயல் எச்சரிக்கைப் பிரிவின் இயக்குநராக இருந்து 2016இல் ஓய்வு பெற்ற அரசு விஞ்ஞானி. தமிழ்நாடு வெதர்மேன் என்று அறியப்படும் பிரதீப் ஜான் போன்றவர்கள் சொந்த ஆர்வத்தில் தனியாகக் கணித்துச் சொல்பவர்கள். நாம் மூன்றாவது வகை: அரசு மையம் சொன்னதை வாங்கி, புரிந்துகொண்டு, ஒன்றரை நிமிடத்தில் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள். அமெரிக்காவில் வானிலையியலில் பட்டம் பெற்றவர்களே டிவியில் வருவது சாதாரணம். அங்குள்ள வானிலையியல் சங்கம் தேர்வு வைத்து முத்திரையும் கொடுக்கிறது. இங்கே பெரும்பாலும் செய்தி வாசிப்பவரே வானிலையையும் வாசிக்கிறார். அதனால்தான், கொஞ்சம் படித்துவிட்டு வருபவருக்கு இங்கே இடம் இருக்கிறது என்கிறேன்.

1. முதலில் ஒரு மழைமானி

படிப்பு, பயிற்சி, ஆடிஷன் எல்லாம் அப்புறம். முதலில் வீட்டில் மழையை அளக்கத் தொடங்குங்கள். காசு செலவாகாது. நாலு இஞ்ச் பிவிசி குழாயில் ஒரு அடி நீளம் வெட்டி, அடியை மூடி ஒட்டினால் போதும். அடியும் வாயும் ஒரே அகலம் என்பதால், உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரமே மழையின் அளவு. ஸ்கேலை விட்டு மில்லிமீட்டரில் படியுங்கள். திறந்தவெளியில் வையுங்கள், பக்கத்தில் சுவரோ தென்னையோ இருந்தால் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்துவிட்டு "எங்கள் வீட்டில் மழையே இல்லை" என்று நான் ஒரு வருடம் எழுதியிருக்கிறேன்.

தினமும் காலை 8:30க்குப் படிக்க வேண்டும். நாடு முழுவதும் வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு 8:30 முதல் மறுநாள் 8:30 வரை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெய்த மழை, புதன்கிழமைக் கணக்கில் வரும். "நேத்துத்தானுங்க ஊத்துச்சு, இன்னைக்குத் தேதி போடறீங்க?" என்று கேட்பார்கள். நீங்களே ஒரு வருடம் அளந்திருந்தால் யோசிக்காமல் பதில் வரும்.

அளக்க அளக்க எண்ணுக்கு உருவம் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் மழை, ஓர் ஏக்கர் தோட்டத்துக்கு 40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் மூன்று லோடுக்கு மேல். பல்லடத்தில் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித் தென்னையைக் காப்பாற்றியவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார். "25 மி.மீ. பதிவானது" என்றால் சேனலை மாற்றிவிடுவார்.

2. மேப்பில் மாவட்டத்தைப் பார்க்காதீர்கள், மலையைப் பாருங்கள்

சென்னையில் உட்கார்ந்து வானிலை சொல்பவருக்குக் கடல் போதும். நமக்குப் பாலக்காட்டுக் கணவாயும் மலைச்சரிவும் தெரியாமல் ஒரு வரி சொல்ல முடியாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேகம் கேரளப் பக்கத்துச் சரிவில் முட்டி அங்கேயே கொட்டிவிடுகிறது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள கணவாய் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்று. பொள்ளாச்சி, ஆனைமலை, கோவையின் மேற்கு ஓரம் வரை சாரல் அடிக்கும். கிழக்கே பல்லடம், தாராபுரம் போனால் வெறும் காற்று. உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும், ஆடிக்காற்றில் அம்மி பறப்பதும் அதனால்தான். கோவை நகருக்கு ஆண்டிலேயே அதிக மழை தரும் மாதம் அக்டோபர். ஐப்பசி அடைமழைதான் நம் மழை.

இப்போது ஒரு நடைமுறைக் கஷ்டம். ஜூலையில் ஒருநாள் "கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட்" என்று வரும். பீளமேட்டில் வெயில் காயும். "இவங்க சொன்னா அன்னைக்குக் கண்டிப்பா மழை வராதுங்க" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அறிக்கையைக் கவனமாகப் படித்தால் பெரும்பாலும் "கோவை மாவட்ட மலைப்பகுதிகள்" என்றுதான் இருக்கும். அதாவது வால்பாறை, சின்னக்கல்லாறு பக்கம். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று சின்னக்கல்லாறு. மழை குறைவான சூலூரும் அதே மாவட்டம். "மலைப்பகுதிகள்" என்ற ஒரு சொல்லைச் செய்தி டெஸ்க்கில் யாராவது வெட்டிவிட்டால் உங்கள் பெயர் கெட்டது.

நீலகிரி இன்னும் மோசம். அதற்கு இரண்டு முகம். மேற்கே பார்த்த கூடலூர், தேவாலா, அவலாஞ்சிக்குத் தென்மேற்குப் பருவத்தில் மழை. கிழக்கே பார்த்த குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவத்தில். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலைக் கணக்கில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கோவை நகரம் ஒரு முழு வருடத்தில் வாங்கும் மழையை விட அதிகம். "நீலகிரியில் மழை" என்று மட்டும் சொன்னால் பாதி மலைக்குப் பொய் சொன்ன கணக்கு.

புயல் விஷயத்திலும் ஒரு பாடம் உண்டு. கரையைக் கடந்துவிட்டது என்றதும் நாம் மூச்சு விடுவோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. வலுவிழந்தபடியே உள்ளே நகர்ந்து, டிசம்பர் 2ஆம் தேதி காலைக் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஊர். ஆகவே சேலம், தர்மபுரி பக்கத்து நேயர்களுக்குப் புயல் கரையைக் கடந்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

3. படிப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன், இதை எந்தக் கல்லூரிப் பேராசிரியரும் என்னை விட நன்றாகச் சொல்வார். பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலோ எம்.எஸ்சி. வானிலையியல் படிக்கலாம். கொச்சி நமக்குப் பக்கம், ரயிலேறினால் நாலைந்து மணி நேரம். வேளாண்மை படித்தவர்களுக்கு வெளியே போகவே தேவையில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலேயே வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வேளாண் வானிலையியலில் முதுகலையும் இருக்கிறது. அரசு வேலைதான் குறி என்றால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்குப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைக்கும்; அறிவிப்பு வரும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது தமிழ் இலக்கியம். அதனால் பட்டம் இல்லாதவர் வரக்கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் பட்டம் இல்லாதவர் தன்னை "வானிலை நிபுணர்" என்று திரையில் போட விடக்கூடாது. என் பெயருக்குக் கீழே ஒருமுறை போட்டார்கள். அன்று மாலையே எடுக்கச் சொன்னேன்.

4. அறிக்கையின் தமிழைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. வானிலை அறிக்கையில் வரும் சொற்கள் பேச்சுக்காகப் போட்டவை கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கணக்கு இருக்கிறது.

ஒரு பகுதியில் உள்ள மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்கு வரை நனைந்தால் "ஓரிரு இடங்களில்". கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் "ஒருசில இடங்களில்". பாதிக்கு மேல் முக்கால் வரை "அநேக இடங்களில்". அதற்கும் மேலே "பெரும்பாலான இடங்களில்". நான் இதைத் தெரிந்துகொள்ளவே எட்டு மாதம் ஆனது. அதுவரை ஓரிரு, ஒருசில இரண்டையும் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அப்படி மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மழையின் அளவுக்கும் அப்படியே. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால்தான் "கனமழை". 115.6இலிருந்து "மிகக் கனமழை". 204.4ஐத் தாண்டினால் "அதி கனமழை". காந்திபுரத்தில் அரை மணி நேரம் அடித்து ஊற்றி முழங்கால் தண்ணீர் நின்றாலும், அளந்தால் 40 மி.மீ. என்று வரும், அது அறிக்கையின்படி "மிதமான மழை". பாலத்துக்கடியில் பஸ் நிற்கும் படத்தைப் போட்டுவிட்டு நீங்கள் மிதமான மழை என்றால் ஊர் திட்டும். அங்கே, "மொத்த அளவு மிதம்தான், ஆனால் அரை மணி நேரத்தில் கொட்டியதால் சாக்கடை தாங்கவில்லை" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் இறங்கிச் செயல்படு. நிறம் அதிகாரிகளும் மக்களும் செய்ய வேண்டியதைச் சொல்கிறது.

புயலின் படிகளையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, பிறகு தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், காற்று மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிரப் புயல். தாழ்வுப் பகுதியைப் புயல் என்று சொல்லித்தான் பல பேர் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். வெயிலுக்கு இன்னும் ஃபாரன்ஹீட்தான் ஓடுகிறது; 37.8 டிகிரி செல்சியஸ், அதாவது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் "சதம் அடித்தது". ஈரோடும் கரூர் பரமத்தியும் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும்.

சரி, களத்துக்காரருக்கு என்ன பதில்? ஒரு ஏப்ரல் மாத அறிக்கை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: "வெப்பச்சலனம் காரணமாக மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்கள் மற்றும் உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை பெய்யக்கூடும். பலத்த காற்று மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில் வீசக்கூடும்."

இதை நான் பின்னாளில் சொன்ன விதம்: "நாலு ஊர்ல ஒரு ஊருக்கு மழை கிடைக்கலாம். அது எந்த ஊர்னு இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது. கோடை மழை பெரும்பாலும் மத்தியானம் மூணு மணிக்கு மேலதான் கட்டும். களத்தில் கொப்பரை, மஞ்சள் காயப் போட்டிருக்கிறவங்க காலையில் விரிச்சுக்கங்க. மூணு மணிக்குத் தார்ப்பாய் கைக்கெட்டற தூரத்தில் இருக்கட்டும். தொண்டாமுத்தூர், மேட்டுப்பாளையம் பக்கம் குலை தள்ளின வாழைக்கு முட்டுக் கொடுக்காதவங்க இன்னைக்கே கொடுத்துடுங்க. இடி சத்தம் கேட்டா மரத்தடியில் நிக்காதீங்க."

கணிப்பை நான் மாற்றவில்லை. மாற்றவும் கூடாது, எச்சரிக்கை கொடுக்கும் பொறுப்பு அரசு மையத்துடையது. கேட்பவர் கை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சேர்த்தேன். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரருக்கு மழையை விட வெயில் முக்கியம். தளம் போடும் மேஸ்திரிக்கு மாலை நான்கு மணி முக்கியம். ஒன்றரை நிமிடத்தில் எல்லோருக்கும் சொல்ல முடியாது. அன்றைக்கு யார் இழக்கப்போகிறார் என்று யோசித்து அவருக்கு முதல் வரியைக் கொடுங்கள்.

5. பச்சைத் திரைக்கு முன்னால்

உங்கள் பின்னால் மேப் இருக்காது. வெறும் பச்சைத் துணி. கணினி அந்தப் பச்சையை எடுத்துவிட்டு மேப்பைப் பொருத்தும். நீங்கள் பார்ப்பது பக்கவாட்டில் உள்ள டிவியை. பச்சைப் பட்டு, பச்சை ஜாக்கெட், மயில்கழுத்து நிறம் எதுவும் கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் கிளிப்பச்சை பார்டர் வைத்த சேலையில் வந்தார். அவருடைய முந்தானை ஓரத்தில் வங்கக்கடல் அலையடித்தது.

கைதான் பெரிய தொல்லை. நேயருக்கு மேற்கு இடப்பக்கம். கேமராவைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு அது வலது கை. பாலக்காட்டைக் காட்டப் போய் கடலூரைத் தொடுவீர்கள். வீட்டில் கதவில் தமிழ்நாடு மேப்பை ஒட்டி, அதற்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே தாராபுரத்தைத் தொட்டுப் பழகுங்கள். ஒரு மாதத்தில் வந்துவிடும்.

இன்னொரு ஆதங்கம். மேப்பின் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் கடலை மறைக்கக் கூடாது, அதனால் எல்லோரும் மேற்கே நிற்பார்கள். ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கோயம்புத்தூர்க்காரர்கள் தங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் தொகுப்பாளரின் தோள்பட்டையைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் சேனலில் நான் சண்டை போட்டு, பாதியில் இரண்டு அடி நகரும் பழக்கத்தைக் கொண்டுவந்தேன்.

எழுதி வைத்து வாசிக்காதீர்கள். மேப் மாற மாற நீங்களே பேச வேண்டும். காதில் ஒருவர் "முப்பது விநாடி, இருபது விநாடி" என்று எண்ணிக்கொண்டிருப்பார். திடீரென்று "இன்னும் ஒரு நிமிடம் இழு" என்பார். அதற்காக அணை நீர்மட்டத்தை எப்போதும் கையில் வைத்திருங்கள். பவானிசாகர் 105 அடிக்கு எவ்வளவு, மேட்டூர் 120க்கு எவ்வளவு. ஈரோட்டில் அதைக் கேட்டு அலுத்தவர் யாரும் இல்லை.

6. தப்பாகப் போகும் நாள்

1987 அக்டோபர் 15 அன்று பிபிசியில் மைக்கேல் ஃபிஷ், சூறாவளி வருகிறதாமே என்று ஒரு பெண்மணி கேட்டதாகவும், கவலைப்பட வேண்டாம், வரவில்லை என்றும் சிரித்தபடி சொன்னார். அன்று இரவே தெற்கு இங்கிலாந்தைப் பெரும் புயல் புரட்டிப்போட்டது. தான் பேசியது வேறொரு சூறாவளியைப் பற்றி என்று பிறகு எவ்வளவோ விளக்கினார். அந்த ஒரு வரி மட்டுமே இன்றுவரை அவருடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என் கதை சின்னது. ஒரு மார்ச் மாதம். நேரம் போதவில்லை என்று "ஓரிரு இடங்களில் லேசான மழை" என்ற வரியை நானே வெட்டிவிட்டு, "வறண்ட வானிலை நிலவும்" என்று முடித்தேன். மொடக்குறிச்சிப் பக்கம் என் பெரியம்மா மகன் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பியிருந்தார். இரவு ஒன்பது மணிக்கு அரை மணி நேர மழை. அண்ணன் என்னைத் திட்டவில்லை. மறுவாரம் வீட்டுக்குப் போனபோது நிறம் மங்கிய மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "முகர்ந்து பாரு" என்றார். பூசண வாடை.

மறுநாளே சொல்லிவிடுங்கள்: "நேற்று வறண்ட வானிலை என்றேன், தவறு. மொடக்குறிச்சிப் பக்கம் மழை பெய்திருக்கிறது." பன்னிரண்டு விநாடிதான் ஆகும். சேனலில் தயங்குவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். "மழைக்கு வாய்ப்பே இல்லை" என்ற சொல்லை அன்றோடு விட்டேன்.

7. இந்த வேலையோடு வாழ்வது

காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பலூன் விட்டு வளிமண்டலத்தை அளக்கிறார்கள். கணிப்பெல்லாம் அதை ஒட்டியே வரும். மதியம் சென்னை மையத்தின் அறிக்கை. மழை நாளில் "அடுத்த மூன்று மணி நேரத்தில்" என்று இடையிடையே வருவது தனி. செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து நீங்களாகவே கதை கட்டாதீர்கள். வெள்ளையாகத் தெரியும் மேகமெல்லாம் மழை மேகம் கிடையாது. விவசாயிகள் கேட்டால் மேகதூத் செயலியையும், மின்னலுக்கு தாமினி செயலியையும் போனில் போட்டுக் கொடுங்கள்; அதனால் உங்கள் வேலை போய்விடாது.

சொந்தக்காரர்கள் முகூர்த்தத் தேதியைச் சொல்லி மழை வருமா என்பார்கள், நாலு மாதம் முன்பே. தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். கார்த்திகையில் பள்ளிக்குழந்தைகள் லீவு கேட்டுப் போன் செய்வார்கள். லீவு விடுவது மாவட்ட ஆட்சியர் என்று சொன்னால், அவர் நம்பர் கொடுங்கள் என்பார்கள். கொடுக்காதீர்கள்.

சம்பளம் பெரிதாக இருக்காது. செய்தியும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடுப்பு கிடைக்காது. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தீபாவளி ஐப்பசியில்தான் வருகிறது.